புதுப்பிப்பு: அந்தி வானத்தில் விழுந்த பட்டைகள் போயின (ஜிம்ப் 2.10)

ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் கர்வ்ஸை (வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றும் வளைகோடு) ஏற்றியதும் என் படத்தின் அந்தி வானம் பட்டை பட்டையாக உடைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஜேபெக்கை விட்டுவிட்டு ரா கோப்பிலிருந்து (கேமரா சுருக்காமல் பதியும் மூலப் பதிவு) தொடங்கச் சொன்னதுதான். ரா கோப்புக்கான டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து 16 பிட் டிஃப்பாக (நிறப் படிகள் மிக அதிகமுள்ள படக்கோப்பு) எடுத்து, அதே கர்வ்ஸை ஜிம்ப்பில் போட்டேன். வானம் வழுவழுவென வந்தது. காரணம் எளிது: ஜேபெக் 8 பிட், அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வானம் அதில் முப்பது படிக்குள் அடங்கிவிட்டால், மூன்று மடங்கு இழுக்கும்போது நடுவில் நிரப்ப எதுவும் இருக்காது. ஹிஸ்டோகிராம் (எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டுத் தெரியும். ஜேபெக்கையே 16 பிட்டுக்கு மாற்றினாலும் போன படிகள் திரும்பி வராது.

காஸியன் பிளர் உதவவில்லை. 8 பிட்டில் மங்கலாக்கினாலும் அதே படிகளில்தான் வந்து நிற்கிறது. மின்கம்பியைச் சுற்றி ஒளிவட்டம் வேறு.

எதிர்பாராதது ஒன்று: தரம் 80-ல் ஜேபெக்காக ஏற்றுமதி செய்ததும் பட்டை லேசாக மீண்டும் எட்டிப் பார்த்தது. வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, ஆர்ஜிபி நாய்ஸ் (நுண்ணிய நிறப் புள்ளிகள்) 0.02 சேர்த்து, தரம் 95, சப்சாம்பிளிங் 4:4:4 (நிற விவரத்தைக் குறைக்காத அமைப்பு) என வைத்ததும் சரியானது. தரத்தைக் குறைத்தால் அந்த நுண்ணிய நாய்ஸைத்தான் ஜேபெக் முதலில் தின்றுவிடும்.

ரா இல்லாதவர்களுக்கு நாய்ஸ் ஒரு வழி. பட்டை போகாது, கண்ணுக்கு மறையும்.