தனுஷ்கோடியில் பங்குனி: பறவைகள் கிளம்பும் நேரம்

ராமேஸ்வரம் தீவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான் போகிறார்கள். பூநாரை வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு போவார்கள், படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். நானும் ஆறு வருடம் அப்படித்தான் போனேன். அப்புறம் ஒரு வருடம் பங்குனி உத்திரம் கழிந்த வாரத்தில் அத்தை வீட்டு விசேஷத்துக்காக ராமேஸ்வரம் போக வேண்டி வந்தது. பையில் தொலைநோக்கி இருந்தது. இந்த வெயிலில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் தனுஷ்கோடிப் பேருந்தில் ஏறினேன். அதற்குப் பிறகு எந்த வருடமும் பங்குனியை நான் தவறவிட்டதில்லை. வலசை வருவதைப் பார்க்க இத்தனை பேர் போகிறோம், கிளம்புவதைப் பார்க்க ஆளே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைச் சொல்ல வேண்டும். மார்கழியில் பார்க்கும் கரைப்பறவைக் கூட்டம் மணலும் சாம்பலும் கலந்த ஒரே நிறத்தில் இருக்கும். எது எதுவென்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும். பங்குனிக் கடைசியில் அதே சேற்றில் வளைமூக்கு உள்ளான்கள் சூளையிலிருந்து இறக்கிய செங்கல் மாதிரி நிற்கின்றன. மங்கோலிய உப்புக்கொத்தியின் நெஞ்சில் காவி பூசியதுபோல் ஒரு பட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்தில் தொடங்கி அடிவயிறு வரை கறுப்பு இறங்கியிருக்கும். பாதி இறங்கி, மீதி வெள்ளைத் திட்டாக நிற்பவையும் உண்டு. போகிற இடத்தில்தான் இணை சேர்வது, முட்டையிடுவது எல்லாம். ஆனால் கல்யாண உடையை இங்கேயே உடுத்திக்கொண்டு கிளம்புகின்றன.

நான் உட்கார்ந்தது கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் பாதையை ஒட்டிய உப்பங்கழியில். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள், ஆகவே சாயங்காலம் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கழிதான் வசதி. ராவணன் மீசைப் புல் புதருக்குப் பின்னால் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் அசையாமல் இருந்ததும் ஒரு வளைமூக்கு உள்ளான் பதினைந்து அடி தூரத்துக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 47 தடவை அலகைச் சேற்றில் இறக்கியது. நடுவில் ஒரு புழுவை இழுத்துக்கொண்டிருக்கும்போது அது அறுந்துவிட, அதே குழியில் மறுபடி குத்தி மிச்சத்தையும் எடுத்தது. பக்கத்தில் வந்த கொசு உள்ளானைத் தலையைத் தாழ்த்தி விரட்டிவிட்டு உடனே மறுபடி தின்னத் தொடங்கியது. அதன் வயிறு கால்களுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நடக்கும்போது பின்பக்கம் லேசாக ஆடியது. அத்தனையும் கொழுப்பு, வழிச்செலவுக்கு.

வழி என்று சும்மா சொல்லிவிட முடியாது. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரச் சமவெளியில். சாதாரண நாளில் அதன் எடை ஒரு கோழிமுட்டை அளவுதான். கொசு உள்ளான் அதில் பாதிகூட இருக்காது. அதுவும் ஆர்க்டிக் வரைதான் போகிறது. மங்கோலிய உப்புக்கொத்தியில் நம் பக்கம் வருகிறவை திபெத்திய மேட்டுநிலத்துக்குப் போகின்றன. அதாவது கடல்மட்டத்தில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்த பறவை அடுத்த மாதம் இமயத்துக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குகிற உயரத்தில் முட்டையிடப்போகிறது.

ஐந்தரை மணி வாக்கில் காற்று விழுந்தது. கழியின் பாவனை மாறிவிட்டது. அதுவரை தலை நிமிராமல் தின்ற கூட்டம் தின்பதை நிறுத்தியது. சில இறகைக் கோதின, சில குளித்தன. அப்புறம் ஒரு சத்தம். பகலில் கேட்கும் சிறு 'சிர்ரிப்' இல்லை, கூட்டம் முழுவதும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வது போலத் தொடர்ச்சியான பேச்சு. இருபது முப்பது எழும்பி ஒரு சுற்று வந்து மறுபடி இறங்கின. இரண்டாவது தடவையும் இறங்கின. மூன்றாவது தடவை இறங்கவில்லை. கழியின் மேல் இரண்டு வட்டம் போட்டு உயர்ந்தன, ஒழுங்கில்லாத கூட்டம் மெல்ல இழுபட்டு ஒரு சாய்ந்த கோடாக ஆனது, பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் திரும்பி வடக்கே போனது. தொலைநோக்கியில் கோடு தெரிந்தவரை சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று கவனித்த இன்னொன்றுதான் மனதை விட்டுப் போகவே இல்லை. எழுந்தவற்றில் ஐந்தாறு சாம்பல் நிறப் பறவைகளும் இருந்தன. கூட்டம் கோடு பிடிக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து கழிக்கே திரும்பின. போன வருடம் பிறந்த குஞ்சுகள் அவை. முதல் வருடத்தில் பல கரைப்பறவைகள் வடக்கே போவதில்லை. நிறம் மாறாது, கொழுப்பும் ஏறாது, கோடை முழுக்க இங்கேயே இருந்துவிடும். இதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வழியனுப்பப் போனவர்கள் மாதிரி அவை கொஞ்ச தூரம் கூடப் பறந்துவிட்டுத் திரும்பி வந்தன என்பதுதான்.

மறுநாள் காலை தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கிற அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பறவைக் கண்ணாடி வச்சிருக்கீங்களே, இது என்னன்னு பாருங்க." பெஞ்சுக்கு அடியில் ஒரு தோட்டக்கள்ளன் உட்கார்ந்திருந்தது. சில ஊர்களில் ஆறுமணிக் குருவி என்பார்கள். பச்சை முதுகு, தோளில் பளீரென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. மரநிழலில் சருகைக் கிளறித் தின்னும் பறவைக்கு நிழலே இல்லாத அந்த மணலில் வேலை இல்லை. இலங்கைக் காடுகளில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வழியில், கடலைத் தாண்டிய களைப்பில் கண்ணில் பட்ட முதல் நிழலில் இறங்கியிருக்கிறது. கூரையில் நான்கு காக்கைகள் காத்திருந்தன.

அதைப் பிடிக்கவோ தண்ணீர் புகட்டவோ வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் பெஞ்சின் முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார், தன் பையனை ஒரு கம்போடு காவலுக்கு உட்கார வைத்தார். அன்று முழுக்க அந்த பெஞ்சில் யாரையும் உட்கார விடவில்லை, நல்ல வியாபார நாள் அது. மதியத்துக்கு மேல் பறவை மெல்ல எழுந்து சாக்கின் ஓரமாக நடந்து ஓர் எறும்பைத் தின்றது. மாலையில் சவுக்குத் தோப்புப் பக்கம் தாழப் பறந்து போய்விட்டது. சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுரத்தில் அதன் விசில், இரண்டே தடவை. அக்கா மணி பார்த்தார். ஆறாக ஏழு நிமிடம்.

பங்குனியில் தீவிலோ கடற்கரையிலோ இப்படி எதையாவது பார்த்தவர்கள் எழுதுங்கள்.

* * *

மன்னாரிலிருந்து:

அண்ணா, உங்கள் ஆறுமணிக் குருவி எங்கள் பக்கத்தால்தான் வந்திருக்கும். என் ஊர் மன்னார்த் தீவில் உள்ள பேசாலை. தலைமன்னார் முனைக்கும் உங்கள் முனைக்கும் நடுவில் முப்பது கிலோமீற்றர் அளவுதான் கடல். என் அப்பப்பா 1964 புயலுக்கு முன்னர் தனுஷ்கோடிக்குக் கப்பலில் போய் வந்தவர். அந்தப் பாதையில் இப்போது பறவைகள் மட்டும்தான் போய் வருகின்றன.

எனக்குப் பங்குனி என்றால் நீலவால் பஞ்சுருட்டான். மழைக்காலம் முடியும் மட்டும் எங்கள் வளவு மின்கம்பிகளில் தும்பி பிடித்துக்கொண்டிருக்கும். பங்குனி நடுவில் ஒருநாள் விடிய, தலைமன்னார் வீதியில் கம்பி முழுவதும் தோளோடு தோள் முட்டியபடி அவை இருந்தன. நான் 180 வரை எண்ணினேன், அதற்குமேல் அசைந்துவிட்டன. வெயில் ஏறியதும் எல்லாம் ஒன்றாக எழும்பி, பனைகளுக்கு மேலே சுழன்று சுழன்று உயர்ந்து, முனையைத் தாண்டிக் கடலுக்கு மேலே போயின. அடுத்த நாள் கம்பி வெறுமை. ஐப்பசி வரை அந்தக் குரல் இல்லாமல் வளவே அமைதியாகிவிடும்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று ரஷ்யாவின் வடக்கே யமல் தீபகற்பம் வரை போனது. எங்கள் கரைவலையில் சிதறும் மீனைப் பொறுக்கித் தின்ற பறவை அது. 2020 கடைசியில் தீவின் தென்கரையோடு 30 காற்றாலைகளும் வந்துவிட்டன. மின்சாரம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் இரவில் கூட்டம் கிளம்பும்போது அந்தச் சிவப்பு விளக்குகளுக்கு நடுவால்தான் போக வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு இடிக்கிறது. பங்குனி, சித்திரையில் பறவைகள் புறப்படும் சில இரவுகளிலாவது காற்றாலைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

* * *

மண்டபத்திலிருந்து:

அண்ணா, அக்கா, நீங்கள் இரண்டு பேரும் எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது உள்ளான் பிடித்தவர். இந்தத் தொழிலுக்கு அவர் போனது கடலுக்குப் போக முடியாத மாதங்களில் மட்டும்தான், ஆனால் போனார். கழி ஓரத்தில் நரம்புக் கண்ணி வரிசையாகக் கட்டிவிட்டு விடியற்காலையில் போய் எடுப்பார். வீட்டில் சமைத்தோம், நானும் தின்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் 'பங்குனி உள்ளான்' என்று தனியாகச் சொல்வார்கள். தை மாதத்து உள்ளானில் எலும்புதான் இருக்கும், எண்ணெய் விட்டால்தான் வதங்கும். பங்குனி உள்ளானைச் சட்டியில் போட்டால் அதுவே நெய் விடும். தோலை உரித்தால் நெஞ்சுக்கும் தொடைக்கும் மேல் மஞ்சளாக அரைவிரல் கனத்துக்குக் கொழுப்பு இருக்கும். அண்ணா சொன்ன வழிச்செலவு அதுதான். பங்குனியில் விலையும் அதிகம். கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் பிடிபடும் கொழுத்த பறவை ஒவ்வொன்றும் அந்த வருடம் குஞ்சு பொரிக்க வேண்டிய முதிர்ந்த பறவை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அப்பா கொண்டுவந்த உப்புக்கொத்தியின் காலில் அலுமினிய வளையம் இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. எண்பதுகளில் அந்தக் கழகத்தின் பறவை ஆய்வாளர் எஸ். பாலச்சந்திரன் எங்கள் கரையில் தங்கிப் பறவைகளுக்கு வளையமிட்டவர் என்று பிறகு தெரிந்தது. அந்த எண்ணைப் பள்ளிக்கூடத்து ஐயா பார்த்துவிட்டு, இந்தப் பறவை எவ்வளவு தூரம் போய்விட்டு இதே கரைக்கு வருகிறது என்று அப்பாவிடம் நெடுநேரம் விளக்கினார். அப்பா எதுவும் பேசவில்லை. வளையத்தை விபூதித் தட்டில் போட்டு வைத்தார். அடுத்த பங்குனிக்குக் கண்ணி கட்டவில்லை. நைலான் நரம்பைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

இப்போதும் எங்கள் பக்கம் கண்ணி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பங்குனியில் கரையில் நடக்கும்போது கொஞ்சம் கீழேயும் பாருங்கள். குச்சி குச்சியாக வரிசை தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது மட்டும் கூர்மை. பங்குனி ராத்திரிகளில் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். வானத்தில் மெல்லிய சத்தம் போகும். நமக்குக் கேட்பதற்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிடும். "கோட்டான் போகுது", "இது பச்சைக்காலி, மூணு சத்தம் கேட்டியா?" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கோட்டான் என்றால் இங்கே ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை. போன வருடம் ஒரே ராத்திரியில் பதினோரு கூட்டம் எண்ணினார்.

* * *

முதலில் எழுதியவர்:

தங்கச்சி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கழியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நான் கண்டுபிடித்ததாக நினைத்ததை அவர் கை முப்பது வருடத்துக்கு முன்பே தொட்டுப் பார்த்திருக்கிறது.

மன்னார் அக்காவின் பஞ்சுருட்டான் கூட்டம் எங்கள் பக்கம் எந்த இடத்தில் கரை ஏறுகிறது என்று இந்த வருடம் பார்க்கப்போகிறேன். ஒருவர் தலைமன்னாரிலும் ஒருவர் அரிச்சல்முனையிலும் ஒரே காலையில் நின்றால் நன்றாக இருக்கும். அங்கே எழும்பியதும் ஒரு செய்தி அனுப்புங்கள்.

சாம்பல் பறவைகளைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வைகாசியில் மறுபடி போனேன். காற்று தூக்கி அடித்தது, கழி பாதி வற்றியிருந்தது, மனிதர் யாருமில்லை. சாம்பல் நிறத்தில் 61 பறவைகள் தண்ணீர் மிச்சமிருந்த ஓரத்தில் காற்றுக்கு முகம் காட்டி நின்றன. ஒன்றின் தோளில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு இறகு. ஆடிக் கடைசியில் பெரியவை திரும்பத் தொடங்கும், நிறம் வெளுத்து, இறகு தேய்ந்து. அன்றைக்குப் போக முடிந்தவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.