சொல்லாமல் கொள்ளாமல் போன் பண்ணுவது இப்போது மரியாதைக் குறைவா?

காதோரம் (கேள்வி)

வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்க்கிறேன், அதாவது டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் முகம் தெரியாத டாக்டர்களின் குரல்தான் நாள் முழுக்க. காலடியில் பெடல். அமுக்கினால் ஓடும், புரியாவிட்டால் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்கலாம். இத்தனை வருடப் பழக்கத்தில் யாருக்கு ஜலதோஷம், யார் இரவு ஷிப்ட் முடித்த கையோடு பேசுகிறார், யாருக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அதில் வருத்தமில்லை, வேலை அப்படி. இப்போது மென்பொருளே முதலில் தட்டச்சு செய்துவிடுகிறது, நான் திருத்துகிறேன். அப்போதும் குரலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் கேள்வி அண்ணனைப் பற்றியது. அவன் தூரத்தில் இருக்கிறான். தினமும் தொடர்பில்தான் இருக்கிறோம். அவன் வீடியோ அனுப்புவான், நான் ஹார்ட் போடுவேன். நான் போட்டோ போட்டால் அவனிடமிருந்து கட்டைவிரல் வரும். அண்ணன் மகளுக்குப் பல் விழுந்தது வரைக்கும் குடும்ப குரூப்பில் வந்துவிடுகிறது. ஆனால் அவன் குரலைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், 'ஃப்ரீயா? பேசலாமா?' என்று கேட்கத்தான் விரல் போகிறது. நீல டிக் விழும். 'மீட்டிங், அப்புறம்' என்று பதில் வரும். அந்த அப்புறம் வருவதே இல்லை. அவன் தட்டிக்கழிக்கிற ஆள் கிடையாது, நிஜமாகவே வேலைதான். எனக்குத்தான் அண்ணனோடு பேச லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுபோல ஆகிவிட்டது.

கேட்காமல் நேராகக் கூப்பிட்டால் தொல்லையா? போனைத் தூக்கி மூலையில் போடு, சோஷியல் மீடியாவை விடு என்கிற அறிவுரை தயவுசெய்து வேண்டாம். என் பிழைப்பே ஹெட்செட்டில்தான்.

சைலன்ட் மோட்

தொல்லைதான் அக்கா. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீனைப் பகிர்ந்துகொண்டு பத்துப் பேர் முன்னால் பேசும்போது போன் அதிர்ந்தால் சொல்ல வந்தது பாதியில் மறந்துவிடும். மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடுவது எதிராளியின் நேரத்துக்குக் கொடுக்கும் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை இத்தனை மணிக்கு என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது.

பழைய லைன்மேன்

ஞாயிற்றுக்கிழமை யோசனை நல்லதுதான் தம்பி. ஆனால் அந்த அம்மா கேட்டது அதுவல்ல.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் மணி அடித்தால் எடுக்க வேண்டும், யார் என்று எடுத்த பிறகுதான் தெரியும். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ராங் நம்பருக்காகத் தூக்கத்தில் எழுந்து ஓடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதலில், தொல்லையாகிவிடுமோ என்கிற அந்தப் பயத்தைப் பற்றி. பழைய நண்பரோடு மறுபடி தொடர்புகொள்ளச் சொல்லி 2021இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குப் போன், சிலருக்கு மின்னஞ்சல். போன் என்றால் சங்கடமாக இருக்கும் என்றே கலந்துகொண்டவர்கள் முன்கூட்டி நினைத்தார்கள். பேசிப் பார்த்தபோது மின்னஞ்சலைவிடச் சங்கடம் ஒன்றும் கூடவில்லை, நெருக்கம்தான் கூடியது. அடுத்த வருடம் பெக்கி லியு குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது. சும்மா நலம் விசாரிப்பதை எதிராளி எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோமாம். அதுவும் எதிர்பாராமல் வந்தால் அவருக்கு மகிழ்ச்சி கூடுதல். அந்த ஆய்வில் உங்கள் அண்ணன் இல்லை, சரி. ஆனாலும் எனக்குத் தெரிந்த வரையில் இந்தத் தயக்கம் முக்கால்வாசி கூப்பிடுகிறவர் மண்டைக்குள்தான் இருக்கிறது.

அப்புறம் குரல். இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய தொலைபேசியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும். மேலே உள்ளது வெட்டுப்பட்டுவிடுவதால் 'ஸ'வும் 'ஃப'வும் குழம்பும், பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். கீழேயும் வெட்டு. ஆண்குரலின் அடிப்படைச் சுருதி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான், அதாவது கம்பியில் அது வரவே வராது. அதன் மடங்குகளாக மேலே ஒலிக்கும் இணைச்சுருதிகளை வைத்து மூளையே அந்த அடிச்சுருதியை நிரப்பிக்கொள்கிறது. இவ்வளவு வெட்டிய பிறகும் 'ஹலோ' என்ற ஒரு சொல்லில் அம்மாவுக்கு மகன் அழுதிருக்கிறான் என்று தெரிந்துவிடும். டாக்டர்களின் ஜலதோஷத்தைக் கண்டுபிடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தில் இது வராதா என்றால், லெஸ்லி செல்ட்ஸர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பதற்றமான ஒரு தேர்வை முடித்த சிறுமிகள் சிலரை அம்மாவிடம் நேரில் பேச விட்டார்கள், சிலரைப் போனில், சிலரைச் சாட்டில். மீதிப் பேர் யாரோடும் பேசவில்லை. குரலைக் கேட்டவர்களுக்கு ஆக்சிடோசின் என்ற பாச ஹார்மோன் கூடி, பதற்ற ஹார்மோன் இறங்கியது. சாட்டில் பேசியவர்கள் நிலை யாரோடும் பேசாதவர்களைப் போலவே இருந்தது. சிறுமிகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். புளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள், அது குரலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடிதான். 10 மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில் கிடைத்த கணக்கு இது. செயற்கைக்கோள் வழியாக அழைப்பு போன நாட்களில் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். 'ஏன் யோசிச்சு யோசிச்சுப் பேசுறே?' என்று சண்டைகூட வரும். குற்றம் செயற்கைக்கோள் மேல், திட்டு மனுஷன் மேல். இணைய அழைப்பின் தாமதத்தோடு புளூடூத்தின் தாமதமும் சேர்ந்தால் இன்றைக்கும் அதே கதைதான்.

கூப்பிடுங்கள் அம்மா. எடுத்தவுடன் 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று முதலில் சொல்லிவிடுங்கள். திடீரென்று மணி அடித்தால் இந்தக் காலத்தில் கெட்ட செய்தி என்றுதான் நினைக்கிறார்கள்.

காதோரம்

கூப்பிட்டேன் ஐயா. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே 'யாருக்கு என்ன ஆச்சு?' என்றான். நீங்கள் சொன்ன வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான்.

குரல் கரகரவென்று இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் காற்று தீர்ந்துபோகிறது. எனக்குக் காது அங்கேதான் போகும். 'தொண்டைக்கு என்ன?' என்றேன். இருமல் வந்து ரொம்ப நாளாக விடவில்லையாம், டாக்டரிடமும் போகவில்லையாம். குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றதற்கு, 'அதையெல்லாமா குரூப்பில் போடுவாங்க?' என்கிறான். இந்த வாரமே போய்க் காட்டு என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் சிக்கல். பேச எதுவும் இல்லை. 'பாப்பாவுக்குப் பல் விழுந்துச்சாமே' என்றேன். 'நீதான் ஹார்ட் போட்டியே' என்றான். வீடு மாறியது, வண்டி வாங்கியது, எல்லாமே இரண்டு பக்கமும் தெரியும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் 'ம்', 'அப்புறம்' என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம். இதற்கு ஏதாவது வழி உண்டா?

விரல்மொழி

லைன்மேன் ஐயா, குரலுக்குக் கோயில் கட்டும்போது எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் அம்மாவுக்கும் காது கேட்காது, அடுத்த வருடம் அவர் மணந்துகொண்ட மேபலுக்கும் கேட்காது. அந்தக் கருவியால் அவர்கள் இரண்டு பேருக்குமே பயனில்லை. தொலைபேசிக் கம்பியில் எழுத்தை அனுப்ப 1964இல் வழி கண்டவர் ராபர்ட் வைட்பிரெக்ட். காது கேளாத இயற்பியலாளர். நீங்கள் எல்லோரும் அலுத்துக்கொள்கிற மெசேஜ்தான் எனக்கு உலகத்தைத் திறந்துவிட்டது. வீடியோ அழைப்பு வந்த பிறகு தோழியோடு சைகையில் மணிக்கணக்கில் பேசுகிறேன். நெட் தடங்கினால் அவள் கை பாதிச் சொல்லில் அப்படியே நிற்கும், மீதியை ஊகித்துக்கொள்வேன். அவள் களைத்திருக்கிறாளா என்பது கை தூக்கும் வேகத்தில் தெரிந்துவிடும். உங்களுக்குக் கரகரப்பு, எங்களுக்கு அது.

காதோரம், பேச எதுவும் இல்லை என்கிறீர்களே, பல் விழுந்தது உங்களுக்குத் தெரியும், சரி. எப்படி விழுந்தது? அழுதாளா? அண்ணன் அந்த நேரம் பக்கத்தில் இருந்தாரா, இல்லை அவரும் போட்டோவில்தான் பார்த்தாரா? குரூப்பில் வருவது தலைப்புச் செய்தி மட்டும்தானே. நான் என் தோழியிடம் இன்னொன்றும் செய்வேன். அவள் போட்ட படத்துக்கு ஹார்ட் போடாமல் வைத்திருந்து, பேசும்போது அதைப் பற்றிக் கேட்பேன். முதலில் கோபித்துக்கொண்டாள், இப்போது பழகிவிட்டது.

பழைய லைன்மேன்

விரல்மொழி, பெல் கதையில் அந்தப் பக்கத்தை நான் யோசித்ததில்லை. ஹார்ட் போடாமல் வைத்திருப்பது பலே யோசனை.

காதோரம், அந்த 'ம்', 'அப்புறம்' நேரத்தை வீண் என்று எண்ண வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் லைன் சோதிக்கும்போது காதில் விழுந்த பேச்சில் பாதி அதுதான். இரண்டு பக்கமும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வைக்கவும் மாட்டார்கள். காசு கொடுத்து அப்படி இருந்தார்கள். சமைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருங்கள், பேச்சு தானாக வரும். அண்ணன் டாக்டரிடம் போனாரா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

சைலன்ட் மோட்

மீட்டிங்கில் போன் அதிர்வதைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது, அக்கா அண்ணனிடம் சொல்லலாம். 'தொந்தரவு செய்யாதே' அமைப்பைப் போட்டு வைத்தாலும் குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி விலக்கு கொடுக்கலாம். ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. அண்ணன் உங்களை அதில் சேர்த்துவிட்டால் நேராகக் கூப்பிடலாம், முடியாத நேரத்தில் அவரே கட் பண்ணிக்கொள்வார். கட் பண்ணினால் கோபப்படக் கூடாது என்பது ஒப்பந்தம்.

இந்தத் திரியைப் படித்துவிட்டு என் தங்கையை நானும் சேர்த்தேன், அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் 'ஃப்ரீயா?' என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறாள்.