ஒரே கடையில் இரண்டு ரவுட்டர்: கணினிகள் எந்த சர்வரிடம் முகவரி வாங்குகின்றன?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

வணக்கம். பாடலீஸ்வரர் கோயிலுக்கு அருகில் எங்கள் மளிகை மொத்தக் கடை இருக்கிறது. கீழே ஐந்து கணினிகள், மாடியில் இரண்டு. பில் போடும் சர்வர் கீழ்த்தளத்தில், 192.168.1.10 என்ற முகவரியில் இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டாததால் சென்ற மாதம் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதில் செருகினோம். இரண்டு நாள் குறையில்லை. பிறகு ஒரு காலை மின்சாரம் போய் வந்தது. அன்று முதல் கீழே மூன்று கணினிகளில் பில்லும் வரவில்லை, இணையமும் இல்லை. பக்கத்து மேசையில் எல்லாம் ஓடுகிறது. அணைத்துப் போட்டால் ஒன்று சரியாகிறது, நன்றாக இருந்த இன்னொன்று கெடுகிறது. பழுது பார்க்க வந்தவர் கேபிளை மாற்றச் சொன்னார். தீபாவளிக் கூட்டம் தொடங்கப் போகிறது, உதவுங்கள்.

மறுமொழி

கேபிளில் கை வைக்காதீர்கள் ஐயா. கேபிள் கெட்டிருந்தால் கோளாறு ஒரே மேசையில் நிற்கும், இடம் மாறாது. நல்ல கணினி ஒன்றிலும் கெட்டது ஒன்றிலும் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து, டிஎச்சிபி சர்வர் (கணினிகளுக்கு முகவரி வழங்குவது) என்ற வரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

நல்லதில் 192.168.1.1. கெட்டதில் 192.168.0.1. கெட்டதன் சொந்த முகவரியும் 192.168.0.103 என்று இருக்கிறது.

மறுமொழி

காரணம் அதுதான். கணினி விழித்தவுடன் "எனக்கு முகவரி தருபவர் யார்?" என்று வலை முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. உங்கள் கடையில் பதில் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள்: கீழ் ரவுட்டர் (192.168.1.1), மாடி ரவுட்டர் (192.168.0.1). எது உங்கள் சர்வர், எது அயல் சர்வர் என்று பிரித்தறியக் கணினிக்கு வழியில்லை. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்கிறது. முகவரியோடு, வெளியே போகும் வாசலையும் அவரே சொல்லிவிடுகிறார். மாடி ரவுட்டருக்கு இணையம் இல்லை; அதை வாசலாக நம்பிய கணினிக்கு இணையமும் இல்லை, பில் சர்வரும் எட்டாது.

முதல் இரண்டு நாள் ஓடியதற்கும் காரணம் உண்டு. கணினிகள் பழைய முகவரியையே மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் திரும்பியபோது கீழ் ரவுட்டரான ஃபைபர் மோடம் எழ நேரமாகியிருக்கும். மாடி ரவுட்டர் முந்திக்கொண்டது.

மாடி ரவுட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு மடிக்கணினியை மட்டும் அதில் இணையுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். புதிய முகவரியில் மறுபடி நுழைந்து டிஎச்சிபியை அணையுங்கள். பிறகு கேபிளை லேன் போர்ட்டில் (கடைக் கணினிகளுக்கான துளை) செருகுங்கள், வேன் போர்ட்டில் (வெளி இணையத்துக்கான துளை) வேண்டாம். கீழ் ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை மட்டும் வழங்கட்டும். அப்போது 2-ம், பில் சர்வரின் 10-ம் வேறு யாருக்கும் போகாது. பில் சர்வரின் அமைப்பில் அந்த முகவரியைக் கையால் பதிந்து வைப்பது மிக அவசியம். ஒரு நாள் அது மாடி ரவுட்டரிடம் முகவரி வாங்கியிருந்தால் கடை முழுவதும் நின்றிருக்கும்.

கெட்ட கணினிகள் தாமாக உடனே திருந்தமாட்டா. குத்தகைக் காலம் (வாங்கிய முகவரி செல்லும் காலம்) பாதி கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும், அதையும் பழைய சர்வரிடமே கேட்கும். ஒவ்வொன்றிலும் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு '/ரினியூ' கொடுங்கள்.

கேட்டவர்

ஏழிலும் 192.168.1.1 என்றே வருகிறது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன், மாறவில்லை. மிகுந்த நன்றி. இன்னொரு சந்தேகம்: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கிளையை விபிஎன் (இணையம் வழியே அமைக்கும் தனி இணைப்பு) மூலம் இணைக்கப் போகிறோம். புதுச்சேரிக் கணினிகளும் இங்கிருந்தே முகவரி வாங்குமா?

மறுமொழி

வாங்காது. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. தாண்ட வேண்டுமானால் அங்குள்ள ரவுட்டரில் ரிலே (கோரிக்கையை இங்குள்ள சர்வருக்குக் கடத்தும் வசதி) அமைக்க வேண்டும். அது தன் முகவரியைக் கோரிக்கையில் எழுதி அனுப்பும், சர்வர் அதைப் பார்த்து எந்த வலைக்குரிய முகவரி என்று முடிவுசெய்யும். உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். இணைப்பு அறுந்த காலையில் அங்கு குத்தகை முடிந்த கணினிக்கு முகவரி கிடைக்காமல், 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே வைத்துக்கொண்டு நிற்கும். கிளை ரவுட்டரே வழங்கட்டும், ஆனால் 192.168.2 வரிசையில். இரு பக்கமும் 192.168.1 என்றிருந்தால், பில் சர்வர் தன் கட்டடத்திலேயே இருப்பதாக எண்ணிப் புதுச்சேரிக் கணினி அங்கேயே தேடிக்கொண்டிருக்கும்.