புதுப்பிப்பு: தம்பியின் பழைய வழக்கு, பொலிஸ் நற்சான்றிதழ்

தோட்டத்து அடிதடி வழக்கு ஒன்றால் தம்பிக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்காதோ, அந்தத் தண்டனையை எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சான்றிதழ் வந்துவிட்டது.

"முதலில் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்க" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது (வழக்கேடு என்றால் வழக்கில் நடந்ததையெல்லாம் எழுதி நீதிமன்றம் வைத்திருக்கும் பதிவு). வழக்கு இலக்கம் இல்லாமல் பதிவறையில் தேடுவது பெரும்பாடு. அம்மா ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தாள்களுக்கு நடுவில் மடித்து வைத்திருந்த பிணைத் துண்டில் அந்த இலக்கம் இருந்தது. சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பிரதியை எடுத்துத் தந்தார்.

எதிர்பாராதது இதுதான்: தம்பிக்குக் குற்றத்தீர்ப்பே இல்லை! இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவில், குற்றத்தீர்ப்பு அளிக்காமலே நிபந்தனையோடு விடுவித்திருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் தண்டனைதான் என்று வீடே இத்தனை வருஷம் நினைத்திருந்தது.

ஏடு முழுக்கச் சிங்களம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம், வெளிநாட்டு வேலை முகவர் கேட்டால் காட்ட. உண்மையிலேயே தண்டனை உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது; அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி சனாதிபதி மன்னிப்பு பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்க.