வேலையை விட்டு இறையியல் படிக்கப் போகிறவர்களின் குடும்பத்தாரிடம் ஓர் உதவி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் தூத்துக்குடி சி.எஸ்.ஐ. சபை. என் வீட்டுக்காரருக்கு முழுநேர ஊழிய அழைப்பு இருக்கிறது, எங்கள் சபைக் குருவானவர் ஐயரும் ஜெபித்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) படிக்க அவருக்கு ஆசை. அந்தப் பட்டத்தைத் தரும் செராம்பூர் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பட்டதாரிகளுக்கே நாலு வருஷம்.

அழைப்பில் சந்தேகமே இல்லை. கணக்குதான் இடிக்கிறது. வீட்டுக்கடன் தவணை, மூத்தவள் ஸ்கூல் ஃபீஸ், அத்தைக்கு மாசாமாசம் சுகர் மாத்திரை. வேலையை விட்டால் கம்பெனி இன்சூரன்சும் நின்றுவிடும். பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாம் என்கிறார் அவர். அதைத் தொடவே கூடாது என்பது என் எண்ணம். கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் ஆண்டவர்தானே!

குடும்பத்தோடு போய்ப் படித்தவர்கள் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள்? திருமண்டலம் (பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம்) ஸ்பான்சர் செய்தால் எந்தெந்தச் செலவு அதில் அடங்கும்? வேலையில் இருந்துகொண்டே செராம்பூரின் பி.சி.எஸ். (தபால் வழி கிறிஸ்தவக் கல்விப் பட்டம்) படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அது பிறகு கைகொடுத்ததா? முக்கியமாக, குருவானவர்களின் மனைவிமார் எழுதுங்கள் அக்கா. அந்த நாலு வருஷமும் நீங்கள் வேலைக்குப் போனீர்களா, பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.