ஆஃபர் கொடுத்ததும் "வேறொருவரும் கேட்டிருக்கிறார்" என்கிறார் எஸ்டேட் ஏஜென்ட். நம்பலாமா?

முதல்வீடு:

வணக்கம். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பெட்ரூம் செமி (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு), 425,000 பவுண்ட் என்று போட்டிருக்கிறார்கள். சமையலறையும் பாய்லரும் பழசு, மற்றபடி மனைவிக்கும் எனக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அதே தெருவில் போன வருடம் விற்ற விலைகளைப் பார்த்துவிட்டு 405,000 என்று ஏஜென்டிடம் போனில் சொன்னேன். அன்று மாலையே கூப்பிட்டு, "இன்னொருவர் உங்களைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குள் உங்கள் கடைசி விலையைச் சொல்லிவிடுங்கள்" என்கிறார். அவர் எவ்வளவு கேட்டார் என்றால், சொல்ல முடியாதாம். அதோடு, எங்கள் மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) அட்வைசரிடம் ஒரு தடவை பேசினால்தான் உங்கள் ஆஃபரை ஓனரிடம் கொண்டுபோவோம் என்று வேறு சொல்கிறார். நடுவில் சும்மா கேட்பதுபோல "அதிகபட்சம் எவ்வளவு வரை போவீர்கள்?" என்று ஒரு கேள்வி, அதற்கு மட்டும் எப்படியோ மழுப்பிவிட்டேன்.

அந்த இன்னொருவர் நிஜமாகவே இருக்கிறாரா, இல்லை விலை ஏற்றுகிறார்களா? அட்வைசரைப் பார்த்தே ஆக வேண்டுமா? பேசாமல் நேராகப் போய் ஓனர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டால் என்ன? 10% டெபாசிட் இருக்கிறது, விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை, பேரம் பேசும் சாமர்த்தியமும் இல்லை.

சாவிக்கொத்து:

நான் கொஞ்ச காலம் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தவள், அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அட்வைசர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் விவாதத்துக்கே இடமில்லை. எஸ்டேட் ஏஜென்ட்ஸ் ஆக்ட் 1979, அதன் கீழ் 1991இல் வந்த உத்தரவு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதி தெளிவாக இருக்கிறது: வருகிற ஆஃபரை ஏஜென்ட் தாமதிக்காமல், எழுத்தில், ஓனருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விலைக்குக் கீழே வந்தால் என்னிடம் கொண்டுவராதே என்று ஓனரே எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும்தான் விலக்கு. எங்களிடம் மார்ட்கேஜ் எடுக்கவில்லை என்பதற்காக ஒருவரை ஓரங்கட்டுவதும் அதே உத்தரவில் தடை. உங்களிடம் பணம் வரும் வழி இருக்கிறதா என்று ஆதாரம் கேட்பது வேறு, அது நியாயமான கேள்வி, அதற்குக் காகிதத்தைக் காட்டினால் போதும். "எனக்கு ஏற்கனவே மார்ட்கேஜ் புரோக்கர் இருக்கிறார், நன்றி" என்று ஒரே வரியில் எழுதுங்கள். கவனியுங்கள், போனில் சொல்வதல்ல, எழுதுவது. போனில் மிரட்டுகிற பலர் ஈமெயில் என்று வந்துவிட்டால் ரொம்ப மரியாதையாகிவிடுவார்கள், ஏனென்றால் இல்லாத நிபந்தனையை எழுத்தில் போட யாருக்கும் கை வராது.

அடுத்தது, அந்த இன்னொருவர். இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்வதும் அந்த உத்தரவுப்படி தடைதான், அதனால் நேர்ப் பொய் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் பாதி உண்மை நிறைய உண்டு. "ஆஃபர் வந்திருக்கிறது" என்பது போன வாரம் ஒருவர் கேட்டு ஓனர் மறுத்துவிட்ட ஆஃபராக இருக்கலாம், தன் வீட்டை இன்னும் விற்பனைக்கே போடாத ஒருவர் வாயால் சொன்ன விலையாகவும் இருக்கலாம். தொகையைச் சொல்ல மாட்டார்கள், சரி. ஆனால் அவர் நிலைமையைக் கேட்கலாம்: ஆஃபர் எழுத்தில் வந்ததா, இன்னும் நிலுவையில் இருக்கிறதா, அவர் வீடு விற்றுத்தான் வாங்குகிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் வருகிற வேகத்தையும் தொனியையும் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

இன்னொன்று, வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. ஏஜென்டுக்குக் கூலி கொடுப்பது ஓனர், அதனால் அவர் ஓனரின் ஆள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கமிஷன் சுமார் ஒரு சதவீதம் என்று வையுங்கள், நீங்கள் பத்தாயிரம் ஏற்றினால் ஆஃபீஸுக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் நூறு பவுண்ட், அதில் அந்தப் பையனின் பங்கு இன்னும் சொற்பம். வியாபாரம் நடுவில் முறிந்தாலோ மொத்தக் கமிஷனும் போச்சு, மாதக்கணக்கான வேலையும் போச்சு. ஆகையால் அவர் மனசுக்குள் பயப்படுவது உங்கள் விலை குறைவு என்பதற்காக அல்ல, நீங்கள் பாதியில் ஓடிவிடுவீர்களோ என்பதற்காகத்தான். முதல் வீடு, விற்க எதுவும் இல்லை, செயின் (ஒரு வீடு விற்றால்தான் அடுத்தது வாங்க முடியும் என்ற சங்கிலி) இல்லை. உங்கள் கையில் இருக்கும் பெரிய சரக்கே இதுதான், அதை ஆஃபரில் முதல் வரியாகப் போடுங்கள். கூடவே விலை, டெபாசிட் எவ்வளவு, சொலிசிட்டர் (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) பெயர், ஓனர் சொல்லும் தேதிக்கு ஒத்துப்போக முடியுமா, இவ்வளவு இருந்தால் போதும். கடைசியில் "ஒப்பந்தத்துக்கும் சர்வேக்கும் உட்பட்டது" என்ற வார்த்தைகளும் (சர்வே என்றால் வீட்டின் நிலையை நிபுணர் சோதிப்பது), "ஏற்றுக்கொண்டால் வீட்டை மார்க்கெட்டில் இருந்து எடுத்து மேற்கொண்டு யாருக்கும் காட்டக்கூடாது" என்ற நிபந்தனையும் இருக்கட்டும்.

கதவைத் தட்டுவது சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஓனர் ஏஜென்டோடு ஒப்பந்தம் போட்டிருப்பார், நேரில் பேசி முடித்தாலும் கமிஷன் பெரும்பாலும் கொடுத்தாக வேண்டும், அதனால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை, உங்களுக்கு ஒரு விரோதி மிச்சம். ஆஃபர் போய்ச் சேரவே இல்லை என்று பலமாகச் சந்தேகம் வந்தால் மட்டும் ஈமெயிலின் நகலை ஒரு கவரில் போட்டுக் கதவிடுக்கில் போடலாம்.

வடலி:

தம்பி, மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் பணத்துக்கு ஆதாரம் காட்டுவது பற்றி அவர் சும்மா கடந்து போய்விட்டார், அங்கேதான் எங்கட ஆட்கள் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள்.

பாங்க் தருகிற அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள் கடிதத்தில் எவ்வளவு கடன் தருவோம் என்று தொகை போட்டிருக்கும். 400,000 வரை தருவோம் என்று இருக்கிற கடிதத்தை அப்படியே அனுப்பினால், 40,000 டெபாசிட்டும் இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருப்பதால், 440,000 வரை இவர் போவார் என்று ஏஜென்ட் கூட்டிப் பார்த்துக்கொள்வார். சீட்டாட்டத்தில் கையைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு விளையாடுவது மாதிரி. அதிகபட்ச பட்ஜெட் கேள்விக்கு வாயால் மழுப்பினீர்கள், நல்லது, ஆனால் காகிதம் மழுப்பாதே! பாங்கிடமோ புரோக்கரிடமோ கேட்டு, நீங்கள் கொடுக்கப்போகும் ஆஃபருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் புதுக்கடிதம் எடுங்கள். பெரும்பாலான இடங்களில் அது சில நிமிட வேலை, விலை மாறினால் திரும்பவும் எடுக்கலாம். பாங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் டெபாசிட் தொகை தெரிகிற அளவுக்குக் காட்டினால் காணும், மிச்சக் கணக்கு எல்லாம் அவருக்கு எதுக்கு?

அடுத்தது டெபாசிட் எங்கிருந்து வந்தது. பணச்சலவைத் தடுப்புச் சட்டத்துக்காக ஏஜென்டும் பார்ப்பார், சொலிசிட்டர் இன்னும் கடுமையாகப் பார்ப்பார். அப்பா அம்மா தந்தது என்றால் இது கடன் இல்லை, அன்பளிப்பு, வீட்டில் பங்கு கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும், அவர்களுடைய ஸ்டேட்மென்டும் கேட்பார்கள். ஊரில் காணி விற்ற காசு என்றால் உறுதியின் (பத்திரத்தின்) பிரதியும் பாங்க் வழியாக வந்த தடயமும் வேண்டும். சீட்டு எடுத்த காசு என்றால்... அதை ஒரு ஆங்கிலேய சொலிசிட்டருக்கு விளங்கப்படுத்துவதற்குள் வெள்ளிக்கிழமை என்ன, வருடமே முடிந்துவிடும். ஆஃபர் ஏற்றுக்கொண்ட பிறகு இதைத் தேடிக்கொண்டு நின்றால் வாரக்கணக்கில் இழுபடும், அந்த இடைவெளியில்தான் இன்னொருவர் புகுந்துவிடுவார். இப்போதே ஒரு கோப்பில் வடிவாக அடுக்கி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதை நான் பேசுகிறேன்.

லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 1995 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்ற வீடுகளின் விலை இலவசமாகக் கிடைக்கும். தெரு சராசரியோடு நிறுத்தாமல், இந்த ஓனர் எந்த வருடம் எவ்வளவுக்கு வாங்கினார் என்று பாருங்கள். பிறகு இபிசி (வீட்டின் எரிசக்தித் திறன்) சான்றிதழில் சதுர மீட்டர் இருக்கும், விற்ற விலையை அதால் வகுத்துப் பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் 425 என்பது ஆசையா நியாயமா என்று தெரிந்துவிடும். ஏஜென்டிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: முன்பு ஒருமுறை விற்று முறிந்ததா, முறிந்தது என்றால் ஏன்? பலர் கேட்பதே இல்லை. சர்வேயில் ஏதாவது வந்து அந்த ஆள் ஓடியிருந்தால் அது உங்களுக்கும் வரப்போகிற சர்வேதான்.

"கடைசி விலை" என்று கேட்டாலே பதற்றத்தில் கேட்கும் விலைக்கு மேலே போய்விடுகிறவர்கள் உண்டு, அங்கே ஒரு கணக்கு இடிக்கும். 420,000க்கு ஏற்றுக்கொள்கிறார்கள், பாங்க் வேல்யூயர் வந்து 400,000தான் பெறும் என்கிறார், இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 90% கடன் 400,000க்குத்தான், அதாவது 360,000. மீதி 60,000 நீங்கள் போட வேண்டும், நினைத்ததோ 42,000. திடீரென்று 18,000 எங்கிருந்து வரும்? அதற்கு மேல் ஸ்டாம்ப் டியூட்டி. 2025 ஏப்ரலுக்குப் பிறகு முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 300,000 வரை இல்லை, அதற்கு மேல் 500,000 வரையுள்ள பகுதிக்கு 5%. 405க்கு 5,250, 420க்கு 6,000. ஏற்றுகிற ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஐந்நூறு அரசாங்கத்துக்கு, அதையும் கையில் இருந்துதான் கட்ட வேண்டும். இரண்டு பேரும் இதற்கு முன்னால் எங்கேயும் வீடு வாங்கியிருக்கக் கூடாது, ஊரில் உங்கள் பெயரில் ஃபிளாட் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது, கவனம்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து, இந்த விலைக்கு மேல் போய் வேறொருவர் எடுத்தால் வருத்தப்பட மாட்டோம் என்கிற ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். அதைக் கொஞ்சம் உதிரித்தொகையோடு கொடுங்கள், முழு ஆயிரத்தில் எல்லோரும் வந்து முட்டிக்கொள்வார்கள். கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாயால் சரி என்பதற்கு மதிப்பே இல்லை, நிலம் வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் வருடச் சட்டம். எக்ஸ்சேஞ்ச் (கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இருதரப்பும் மாற்றிக்கொள்வது) வரைக்கும் நீங்களும் விலகலாம், ஓனரும் விலகலாம். நடுவில் இன்னொருவர் அதிகம் கேட்டால் அதையும் ஏஜென்ட் ஓனரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அது அவர் கடமை, அவரைத் திட்டிப் பயனில்லை. ஸ்காட்லாந்தில் கதையே வேறு, அங்கே ஆஃபர் சொலிசிட்டர் வழியாகப் போகும், அங்கிருக்கும் நண்பர்கள் சொல்லும் யோசனையை இங்கே ஒட்டிப் பார்க்காதீர்கள்.

முதல்வீடு:

எல்லோருக்கும் நன்றி. ஈமெயில் போட்டேன், அட்வைசர் பற்றிய வரியையும் சேர்த்து. நம்ப மாட்டீர்கள், பதிலில் "அது உங்கள் விருப்பத்துக்காகச் சொன்னதுதான்" என்று எழுதியிருக்கிறார்! அந்த இன்னொருவர் தன் வீட்டை விற்க வேண்டியவராம், இன்னும் வாங்க ஆள் கிடைக்கவில்லையாம். கடைசி விலையாக 411,650 கொடுத்தோம், அக்ரிமென்ட் கடிதமும் அந்த அளவுக்கே எடுத்தோம். இன்று காலை கூப்பிட்டு, ஓனர் 415 என்றால் உடனே முடிக்கலாம் என்கிறாராம், உங்களைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். கொடுக்கலாமா? இன்னும் ஒன்று, முதலில் பேசிய விதத்துக்கு அந்த ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க முடியுமா?

சாவிக்கொத்து:

புகார் கொடுக்கலாம். முதலில் அந்த ஏஜென்சிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும், எட்டு வாரத்தில் முடிவு வரவில்லை என்றாலோ வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ அவர்கள் சேர்ந்திருக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். வீடு விற்கிற ஒவ்வொரு ஏஜென்டும் பிராப்பர்ட்டி ஆம்பட்ஸ்மன், பிராப்பர்ட்டி ரெட்ரெஸ் இந்த இரண்டில் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும், எதில் என்று அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கும். ஆனால் இப்போது வேண்டாம். பின்வாங்கிவிட்டார், அதோடு சாவி கைக்கு வரும்வரை செயினில் நடப்பதை உங்களுக்குச் சொல்லப்போவது அவர்தான். ஈமெயில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

415 பற்றி: கடைசி விலை என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள், நீங்களும் கொடுத்தீர்கள், உடனே ஏற்றினால் அடுத்த தடவை கடைசி என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? ஒரு நாள் விடுங்கள். பிறகு "411,650தான், ஆனால் ஓனர் விரும்பும் தேதிக்கு நகர்கிறோம், சர்வேயை இந்த வாரமே புக் செய்கிறோம்" என்று எழுதுங்கள். விட மனமில்லை, ஏற்றியே ஆக வேண்டும் என்றால் சும்மா ஏற்றாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், ஏற்றுவதாக இருந்தால் பதிலுக்கு எதையாவது கேளுங்கள். குக்கர், ஃபிரிட்ஜ், கர்ட்டன், பின்னால் இருக்கும் ஷெட், இதெல்லாம் வீட்டோடு வருமா என்று ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஓனர் தரப்பிலிருந்து டிஏ10 படிவம் (வீட்டோடு விட்டுச்செல்லும் பொருட்களின் பட்டியல்) வரும்போது அதிலும் அவை டிக் ஆகியிருக்கிறதா என்று சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாய்லர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள், பேப்பர் இல்லை என்றால் 415 பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.