அப்பாவின் எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் பார்த்துக்கொள்ள பவர்: நோட்டரி போதுமா, பதிய வேண்டுமா?

ஆடிக்காற்று:
அப்பாவுக்கு வயது 76. நடமாட்டம் குறைந்துவிட்டது, நினைவும் கணக்குவழக்கும் தெளிவு. இரண்டு வங்கிகளில் சேமிப்புக் கணக்கு, சில எஃப்.டி., ஒரு லாக்கர், மூன்று மியூச்சுவல் ஃபண்ட் ஃபோலியோ. எல்லாவற்றுக்கும் என் பெயரில் பவர் (அவர் சார்பில் நான் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். வீடு, நிலம் இதில் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஜெனரல் பவரா, குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமான ஸ்பெஷலா? நோட்டரி முன் போட்டால் போதுமா? பின்னாளில் அவருக்கு நினைவு தப்பினால் இது செல்லுமா? துபாயில் இருக்கும் தங்கையும் தன் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) எனக்குப் பவர் அனுப்புவதாகச் சொல்கிறாள்.

கணக்குப்பிள்ளை:
கடைசியில் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நினைவு தப்பினால் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-ன்படி பவர் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ முகவரின் (பவர் வாங்கியவரின்) அதிகாரம் முடிந்துவிடும். வேறு சில நாடுகளில் நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும் பவர் உண்டு, இங்கே கிடையாது. 'நான் சுயநினைவு இழந்தாலும் இது தொடரும்' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியால் பயனில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வரும் முன்கூட்டிய அறிவுறுத்தலும் சிகிச்சைக்குத்தான், பணத்துக்கு அல்ல.

ஆகவே பவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவர் தெளிவாக இருக்கும்போதே சேமிப்புக் கணக்கை உங்கள் பெயரும் சேர்த்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று மாற்றிவிடுங்கள். அதில் நீங்கள் முகவர் இல்லை, கணக்குதாரர். எஃப்.டி.யில் மட்டும் ஒரு நுணுக்கம்: அந்த முறையில் போட்டிருந்தாலும் முதிர்வுக்கு முன் உடைக்க வங்கிகள் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்கும். அதற்கான ஒப்புதலை டெபாசிட் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

ஜெனரலா ஸ்பெஷலா என்ற பெயரைவிட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பவர் பத்திரத்தை நீதிமன்றமும் வங்கியும் இறுக்கமாகவே வாசிக்கும். எழுதாத அதிகாரம் கொடுக்காத அதிகாரம். 'என் வங்கி சம்பந்தப்பட்ட எல்லாக் காரியங்களையும்' என்ற ஒற்றை வரியோடு போனால் கவுன்ட்டரில் திருப்பி விடுவார்கள். வங்கி, கிளை, கணக்கு எண் போட்டு, கீழே தனித்தனியாக எழுதுங்கள்: பணம் எடுக்க, காசோலையில் கையெழுத்திட, எஃப்.டி. போட, புதுப்பிக்க, முதிர்வுக்கு முன் முடிக்க, லாக்கர் திறக்க, வருமான வரி ரிட்டர்னில் கையெழுத்திட. கடன் வாங்கும் அதிகாரம் வேண்டாம் என்றால் 'கடன் பெறவோ டெபாசிட்டை அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை' என்று வெளிப்படையாகவே எழுதலாம். பெயரும் தலைப்பெழுத்தும் பான் அட்டையிலும் வங்கிப் பதிவிலும் உள்ளபடி இருக்கட்டும். 'கே. ராமசாமி', 'ராமசாமி கந்தசாமி' என்று இரண்டு விதமாக இருந்தாலே அலைய வேண்டிவரும்.

அசையாச் சொத்து இல்லாத பவரைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டால் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஆனால் அப்பா நேரில் இருக்க வேண்டும், நோட்டரியின் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே போட்டுவந்த கையெழுத்துக்கு முத்திரை மட்டும் குத்தித் தருபவரிடம் போகாதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் முதலில் விழுவது அதுதான். வயது 76 என்பதால், அதே வாரத்தில் ஒரு மருத்துவரிடம் 'சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார்' என்று சான்று வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

மேலவீதி:
மேலே சொன்னதோடு: பத்திரம் எழுதுவதற்கு முன்பே இரண்டு வங்கிகளிலும் அவர்கள் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பல வங்கிகள் சொந்த வாசகத்தைத் தவிர வேறு எதையும் சட்டப் பிரிவுக்கு அனுப்பாமல் ஏற்காது. பணம் எடுப்பது, போடுவது மட்டும்தான் வேலை என்றால் 'மேன்டேட்' கடிதம் (இவர் என் கணக்கை நடத்தலாம் என்று வங்கிக்கு அப்பா கொடுக்கும் கடிதம்) போதும். அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம்.

மியூச்சுவல் ஃபண்டுக்குப் பத்திரத்தில் உங்கள் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும், உங்களுக்கும் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முடிந்திருக்க வேண்டும். நாமினியைப் போடுவதோ மாற்றுவதோ பவர் ஏஜென்ட் கையெழுத்தில் நடக்காது. அதை அப்பா இப்போதே முடித்துவிடட்டும்.

ஆடிக்காற்று:
நன்றி. ஒருவேளை பதிந்தே ஆக வேண்டும் என்று வங்கி சொன்னால் அவரால் பதிவு அலுவலகப் படியேற முடியாது. பிறகு, பவரை வைத்து வங்கியில் நான் எப்படிக் கையெழுத்திடுவது, அவர் கையெழுத்தையேவா?

பழைய ரோடு:
அவர் கையெழுத்தைப் போட்டால் அது போலிக் கையெழுத்து. பவர் இருந்தாலும் அப்படித்தான். உங்கள் கையெழுத்தை நீங்கள் போட்டு, கீழே இப்படி எழுத வேண்டும்:

'(அப்பா பெயர்) அவர்களுக்காக, அவரது பவர் ஏஜென்ட் (உங்கள் பெயர்)'

பவர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் மாதிரிக் கையெழுத்து இருக்க வேண்டும், அதை அப்பா சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வங்கியில் முதல் தடவை அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். ஏ.டி.எம். பின்னையும் ஓ.டி.பி.யையும் வாங்கி நீங்களே நடத்துவது வேறு விஷயம், பவர் அதற்குக் காப்பு ஆகாது.

படியேற முடியாததற்கு வழி உண்டு. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 33-ன்படி உடல்நலக் குறைவால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் வர முடியாதவர் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கையெழுத்தே போட முடியாமல் போகும் நாள் வந்தாலும் உடனே கைவிடாதீர்கள். கைரேகையோ கால் விரல் ரேகையோ வைத்து, இரண்டு தனிச் சாட்சிகள் அடையாளம் சொல்லி, அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருந்தால் பணம் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருக்கிறது. நினைவு இருந்து உடல் ஒத்துழைக்காதவர்களுக்கு இது.

நினைவே போய்விட்டால் உயர் நீதிமன்றம்தான். கோமாவில் கிடந்தவர்களின் குடும்பத்தினரைப் பாதுகாவலராக நியமித்து கேரளத்தில் 2019-லும் சென்னையில் 2024-லும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. நாளாகும், செலவாகும்.

தங்கை விஷயம்: ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் (ஒரு நாட்டின் பத்திரத்தை மற்ற நாடு தூதரகச் சான்று இல்லாமல் ஏற்க வைக்கும் முத்திரைச் சான்று) உடன்படிக்கையில் இல்லை. எனவே அவர் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூரில் இருந்தால் 2021-லிருந்து அப்போஸ்டிலே போதும். பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். வந்த கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், தேதிக்கு அதுதான் ஆதாரம். என்.ஆர்.இ. கணக்கில் நீங்கள் உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கலாம், அவருக்கே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அவர் சார்பில் அன்பளிப்பு கொடுப்பதும் வேறொரு என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்றுவதும் கூடாது. அவர் பெயரில் புதிதாக என்.ஆர்.இ. கணக்கு திறக்கவும் முடியாது.

கணக்குப்பிள்ளை:
ரத்து பற்றி யாரும் சொல்லவில்லை. அப்பா எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். பதிந்த பவரை அதே அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து முடிக்க வேண்டும். ஆனால் பத்திரத்தோடு வேலை முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 208-ன்படி வங்கிக்குத் தகவல் போய்ச் சேரும் வரை ஏஜென்ட் செய்ததெல்லாம் அப்பாவைக் கட்டுப்படுத்தும். எனவே ஏஜென்டுக்குச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட், ஒவ்வொரு கிளையிலும் ஃபண்ட் நிறுவனத்திலும் கடிதம் கொடுத்து நகலில் தேதி முத்திரை. பவரின் அசலையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். இப்போதே எந்தெந்த இடத்தில் நகல் கொடுத்தீர்கள் என்று பத்திர உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.